கழுத்துக்குக் கீழே துஷாந்தினி

தேங்காய் துருவிக்கொண்டிருந்த துஷாந்தினியின் முகம் கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை.

நிஷாந்த் முதலில் சிரித்தான். அவனுடைய கேமரா கெட்டிக்காரக் கேமரா. மனித முகம் எதிரே வந்தால் போதும், திரையில் சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம் பாய்ந்துபோய் அந்த முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீட்டில் ஊரே முண்டியடித்துக்கொண்டு நின்றாலும் ஒரு மூக்கைக்கூட விட்டுவைக்காது. அப்பேர்ப்பட்ட கட்டம் அன்று காலையில் சமையலறைக்குள் வழி தவறிய கோழி மாதிரி அலைந்தது. காலண்டர் முருகனின் முகத்தில் நின்றது. அங்கிருந்து வள்ளிக்குத் தாவியது. பால்மா டின்னில் சிரிக்கும் குழந்தையைப் பிடித்தது. பாதி நறுக்கிக் கவிழ்த்து வைத்திருந்த பூசணிக்காயைக்கூட ஒரு கணம் முகம் என்று நம்பிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு நகர்ந்துகொண்டது. துருவலையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியை மட்டும் தொடவில்லை.

"துஷா, இங்க பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. வழக்கமான சிரிப்புத்தான். கட்டம் அவள் தலையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

"என்னங்க, கேமரா பழசாயிருச்சா, இல்ல நான் பழசாயிட்டேனா?"

"ரெண்டும்தான்" என்றான். அவள் தேங்காய்ச் சிரட்டையை எறிந்தாள். அவன் குனிந்துகொண்டே அதையும் ஒரு படம் எடுத்தான்.

பதுளை டவுனில் அவனளவுக்குப் பெண்டாட்டியைப் படம் எடுத்தவன் கிடையாது. அவள் பருப்புக் கழுவினால் ஒரு படம், துணி காயப்போட்டால் பத்துப் படம், கோபித்துக்கொண்டால் நூறு படம். தும்மலுக்கென்றே கம்ப்யூட்டரில் தனி இடம் ஒதுக்கியிருந்தான். அத்தனையையும் அச்சடித்துப் பரப்பினால் பதுளை ஸ்டேஷனிலிருந்து பண்டாரவளை வரை ரயில் பாதைமேல் பாய் விரித்துவிடலாம்; தெமோதரையில் பாதை சுற்றிக்கொண்டு வருகிற இடத்தில் இரண்டாம் மடிப்பும் போடலாம். அவ்வளவு ஆசை.

ஆனால் அவன் வயிற்றைக் கழுவியது உயிரோடிருப்பவர்களின் படங்கள் அல்ல.

ஸ்பிரிங்வெளியிலோ நமுனுகுலப் பக்கமோ தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு பெண் இறந்துபோனால், கருமாதிக்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்குப் படம் என்று இருப்பது அடையாள அட்டையில் இருக்கும் நகத்தளவு முகம் ஒன்றுதான். அதில் அத்தனை பேரும் கோழி திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விழித்திருப்பார்கள். நிஷாந்த் அந்தத் தலையை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்பின்மேல் பொருத்திக் கொடுப்பான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் இந்தியாவிலிருந்து வந்த ரெடிமேட் உடம்புகளை வைத்தார்கள். முகம் வெயிலில் கறுத்த முகம், கை ரோஜாப்பூக் கை. செத்துப்போன கிழவி போகிற போக்கில் யாரோ சினிமாக்காரியின் கையைத் திருடிக்கொண்டு போன மாதிரி இருக்கும். நிஷாந்துக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் துஷாந்தினியை அரக்கு நிறச் சேலையில் உட்காரவைத்து எடுத்த படம் அவனிடம் இருந்தது. முதுகு நேராக, உள்ளங்கைகள் முழங்கால்மேல், அளவான மாநிறம். தலையை எடுத்துவிட்டால் எந்தத் தாயும் அதில் கச்சிதமாகப் பொருந்தினாள்.

தலை இல்லாத படம் யாருடைய படமும் இல்லை. அது அவனுடைய தீர்மானம்.

உயிரோடிருப்பவர்களின் படத்துக்கு மாலை போடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது என்பது லயத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கழுத்துக்குக் கீழே இருப்பதற்கும் அது பொருந்துமா என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு மேலேதான் அவர்கள் வீடு. ஸ்டூடியோவை ஒட்டி ஹபீஸ் நானாவின் ஃபிரேம் கடை. வார்னிஷ் வாசமும் மரத்தூளும் மாடிப்படி ஏறி வந்து சோற்றில் உட்காரும். சட்டம் போட வரும் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஹபீஸ் நானா ஒரே பகிடியைத்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கண்டுபிடித்தவர் மாதிரி சொல்வார்.

"தம்பி, நமுனுகுல மலையில ஒன் பொஞ்சாதி இல்லாத வூடு ஒண்ணு காட்டு பாப்போம்!"

மாடியிலிருந்து துஷாந்தினி பதில் கொடுப்பாள்: "ஒடம்பத்தான் ஊருக்குக் குடுத்துட்டாரு நானா. மூஞ்சிய மட்டும் எனக்குன்னு வச்சிருக்கேன். அதுக்கும் ஆளு வந்தா ஒரு சத்தம் குடுங்க!"

மூன்று பேரும் சிரிக்கிற சிரிப்பில் கடைக் கண்ணாடிகள் உடையவில்லையே தவிர, அதிர்ந்தன.

ஐப்பசி மழை தொடங்கியபோது அந்தச் சிரிப்பு குறைந்தது. மலையிலிருந்து மூட்டம் இறங்கி, பகலிலேயே வீட்டுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. நின்ற பிறகும் அதன் சத்தம் காதில் நிற்கவில்லை. துஷாந்தினியின் கையிலிருந்து டீக் கோப்பைகள் விழத் தொடங்கின.

"கை மரத்துப் போச்சுங்க" என்றாள். குரலில் பயமில்லை, முறைப்பாடும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஒருநாள் தேங்காய்ச் சம்பல் இளஞ்சிவப்பாக இருந்தது. மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்து அவன் சாப்பிட்டான். பிறகுதான் அவளுடைய இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தான். துருவலைப் பல் ஆழமாக ஏறியிருந்தது. அவன் கழுவி, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டினான்.

"வலிக்குதா?"

"எது?" என்றாள்.

வாசங்களும் வந்தன. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாலும் அவள் கூந்தலில் சாம்பிராணி மணத்தது. அதற்கடியில் வாடிய செவ்வந்தி. அதற்கும் அடியில் எண்ணெய் தீர்ந்து கருகிய திரி. வெற்றிலையைத் தொட்டே அறியாதவள் வாயைத் திறந்தால் வெற்றிலையும் சுண்ணாம்பும் மணத்தன. டிவி பார்க்கும்போது அவள் மடியில் கைகள் இரண்டும் தாமாக எழும்பி, காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தன. இரண்டு விரல், ஒரு திருகல். மறுபடி இரண்டு விரல். கொழுந்து பறிக்கும் கை. பண்டாரவளை மரக்கறி வியாபாரியின் மகள் அவள். தேயிலைச் செடியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

விடியற்காலையில் ஒருநாள் விறைப்பாக எழுந்து உட்கார்ந்தாள். "பெரட்டு அடிச்சிட்டாங்களா?"

வேலைக்கு ஆள் கூப்பிடும் தப்புச் சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. "என்ன பெரட்டு? படு துஷா" என்றான். அவள் படுத்தாள். அவன் படுக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவன் படம் எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மஞ்சள் கட்டம் வரவே இல்லை.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் சின்னராசா வந்து இறங்கினார். தாய் இராக்கம்மாவின் படத்தை உர பேக்கில் சுற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். நிஷாந்த் போன வருஷம் செய்துகொடுத்த படம்.

"கண்ணாடி மாத்தணும் நானா" என்று ஹபீஸிடம் சொன்னார். "அம்மா கையில என்னமோ ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன், போவல."

"படம் பழுதாகல்ல, ஒங்க கண்ணுதான் பழுது" என்று சொல்லிக்கொண்டே ஹபீஸ் நானா பின்பக்க ஆணிகளைக் கழற்றினார். கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சுத்தமாக இருந்தது. குனிந்து படத்தைப் பார்த்தார். பகிடி எதுவும் வரவில்லை. "தம்பி, இங்க கொஞ்சம் வா."

நிஷாந்த் பார்த்தான். இராக்கம்மா அடையாள அட்டை முழியோடு அவனைப் பார்த்தாள். அரக்குச் சேலை. நேர் முதுகு. முழங்கால்மேல் உள்ளங்கைகள். இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். அதன் ஒரு நுனி கோணலாக மடிந்திருந்தது. அவசரத்தில் அவன் ஒட்டியபோது மடிந்த அதே மடிப்பு.

"நீங்க போட்டதுங்களா தம்பி?" என்றார் சின்னராசா.

நிஷாந்த் அந்த நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"சரி, கெடக்கட்டும். அம்மாவுக்கு எந்த நாளும் கையில ஒரு காயம் இருக்கும். செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது, முள்ளு கிழிச்சதுன்னு. இப்பத்தான் அசல் அம்மா மாதிரியே இருக்கு."

"அண்ணே, இத வச்சிட்டுப் போங்க. வேற ஒண்ணு நல்லதா செஞ்சு தாரேன்."

"தீவாளி வருது, வச்சிட்டுப் போகச் சொல்றீங்களே? அம்மா இல்லாம யாருக்குப் படைக்கிறது?"

"முகம் அதேதான் அண்ணே. ஒடம்ப மட்டும் மாத்தி..."

சின்னராசா சிரித்துவிட்டார். "நல்லாருக்கே கத! பெத்தவ ஒடம்ப யாராச்சும் மாத்துவாங்களா?" படத்தை மறுபடி உர பேக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நிஷாந்த் எண்ணிப் பார்க்கத் தொடங்கினான். ஸ்பிரிங்வெளியில் மேல் லயம், கீழ் லயம். நமுனுகுலவில். பசறைப் பாதையில். ஒவ்வொரு சுவரிலும் அந்த விரல். வெள்ளிக்கிழமைதோறும் மாலை, விளக்கு, சாம்பிராணி. எண்ணுவதைப் பாதியில் விட்டான். மாடிப்படி ஏறினான்.

துஷாந்தினி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. கைகள் முழங்கால்மேல்.

"சின்னராசாவா வந்துட்டுப் போறான்?" என்றாள். "எளைச்சுப் போயிட்டான்."

அவள் சின்னராசாவைப் பார்த்ததே இல்லை.

"அவரை ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

மழைச் சத்தம். அவள் கண்கள் மெல்ல அகன்றன. உதடு கோணியது. "என்னங்க" என்றாள், அவளுடைய சொந்தக் குரலில். "நான் இப்ப என்ன சொன்னேன்?"

அவன் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்தான். மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

"என்னைய பேர் சொல்லிக் கூப்பிடுங்க. விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. நீங்க நிப்பாட்டினா நான் எங்கயோ போயிடுறேன்."

துஷா, துஷா என்று அவன் மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அந்தப் பெயர் வாய்க்குள் வெறும் சத்தமாயிற்று. அவன் அழவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மரத்துப்போவது தொற்றுகிறதோ என்று நினைத்தான். அந்த நினைப்புக்கும் நெஞ்சு அதிரவில்லை.

அவள் தூங்கிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தான். பருப்புக் கழுவும் துஷா. முகம் கலங்கியிருந்தது, தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி. துணி காயப்போடும் துஷா. கன்னம் ஒட்டிப்போய். வடை சுடும் துஷா. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அந்த மூக்கை அவனுக்குத் தெரியும். ஓர் அடையாள அட்டையிலிருந்து அவனே வெட்டியெடுத்த மூக்கு. அடுத்தது. அடுத்தது. தும்மல் படங்களில்கூட வேறு யார் யாரோ தும்மினார்கள்.

கடைசியில் அந்த மூலப் படத்தைத் திறந்தான். கல்யாணப் புதிது, அரக்குச் சேலை. அதில் மட்டும் துஷாந்தினி இருந்தாள். முகமும் உடம்பும் ஒன்றாக, சிரிப்பு அடக்கிய உதட்டோடு.

அவனுக்கு வழி தெரிந்துவிட்டது போலிருந்தது. அந்த உடம்பு ஊரிலுள்ள முகங்களையெல்லாம் சுமந்து சுமந்து சொந்த முகத்தை மறந்துவிட்டது. ஒரு சுவரிலாவது இரண்டும் சேர்ந்து இருந்தால், திரும்பி வந்து சேர ஓர் இடம் இருக்கும். தன்னிடமிருந்த பேப்பரிலேயே மிகப் பெரிய பேப்பரில் அதை அச்சடித்தான்.

ஹபீஸ் நானா படத்தைக் கையில் வாங்கவில்லை. "தம்பி, உசுரோட இருக்கிற ஆளத் தனியா வச்சு, இந்தப் பெரிசுல, ஒங்க ஆளுங்க மாட்ட மாட்டாங்களே?"

"இது செத்தவங்க படம் இல்ல நானா. அவ படம்."

"எனக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குள்ளதானே. நாங்க ரெண்டு பேர்தானே பாக்கப்போறோம்."

அவர் பெருமூச்சு விட்டுச் சட்டம் வெட்டினார். கண்ணாடி வைத்து, பின்பலகை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்தார். "பூவோ பொட்டோ கிட்டக் கொண்டுபோயிடாத" என்றார். அன்றைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முன்னறைச் சுவரில் மாட்டியபோது துஷாந்தினி எழுந்து வந்து கண்ணாடியைத் தொட்டாள். வெகுநேரம் பார்த்தாள். "இது நான்தான்" என்றாள். சிரித்தாள். அன்று தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாள், கோப்பை எதையும் போடவில்லை, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். நிஷாந்த் கேமராவைத் தூக்கினான். மஞ்சள் கட்டம் துள்ளி எழுந்தது. பாய்ந்தது. முகத்தில் போய்ப் பிடிவாதமாக உட்கார்ந்தது.

சுவரில் இருந்த முகத்தில். பாயில் படுத்திருந்தவளை அது தாண்டிப் போனது. அவன் கேமராவை அணைத்து அலமாரியில் வைத்தான். பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டான்.

தீபாவளி அன்று மழை விடவில்லை. நமுத்துப்போன பட்டாசுகள் புஸ்ஸென்று அணைந்தன. கோயில் ஒலிபெருக்கி மூட்டத்துக்குள்ளிருந்து பாடியது. மத்தியானம் ஆயிற்று. மலையெங்கும் லயங்களில், வீட்டார் கைவைக்குமுன், செத்தவர்களின் படத்துக்கு முன்னால் இலை போடும் நேரம். ஆட்டிறைச்சி, வடை, பிரியப்பட்டவர்களுக்குச் சாராயம், மடிப்புக் கலையாத புதுச்சேலை. சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்தி, சாப்பிட வாங்க என்று கூப்பிடும் நேரம்.

ஹபீஸ் நானாவுக்குப் பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு நிஷாந்த் மேலே வந்தான். படியில் கால் வைத்ததுமே மணத்தது. அவர்கள் வீட்டில் அன்று இறைச்சி சமைக்கவில்லை. ஆனாலும் இறைச்சி. சாராயம். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துணியின் கஞ்சி வாசம். ஒரு வீட்டு வாசம் இல்லை. மலை முழுவதும் ஒரே அறைக்குள் வந்து மூச்சுவிட்டது.

துஷாந்தினி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். படத்துக்கு முன்னால் வாழை இலை. வடை. விளக்கு. அவன் அவளுக்காக எடுத்துக்கொடுத்த தீபாவளிச் சேலை, மடித்தபடி, குங்குமம் வைத்து. சட்டத்தில் செவ்வந்தி மாலை. அவள் விரல் நுனியால் கண்ணாடியில், சிரிக்கும் நெற்றிக்கு நேராக, பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"துஷா."

"ஆமா தம்பி. அந்தப் புள்ளதான்." அவள் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லும் வேறொரு தொண்டையிலிருந்து வந்தது. கரகரப்பு. கீச்சு. பல் இல்லாத வாய். "பண்டாரவளப் புள்ளயாம். சின்ன வயசு. எங்க எல்லாருக்கும் ஒடம்பு குடுத்த புள்ள. நல்லாருக்கட்டும்."

"மாலைய எடு. அவ சாகல."

"வா, வந்து கும்பிட்டுக்க. பசியோட நிக்குது."

அவன் பாய்ந்து சட்டத்தைப் பிடித்தான். குளிர்ந்திருந்தது. அவள் கை அவன் மணிக்கட்டில் விழுந்தது. வலிக்கவில்லை. ஆனால் நகர்த்த முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்தவர்களின் பலம்.

"படைச்ச படத்த எறக்கக்கூடாது படக்காரத் தம்பி. ஒனக்குத் தெரியாததா?"

அப்போதுதான் பார்த்தான்.

கண்ணாடியில், படத்து உதடுகளுக்கு நேரே, ஒரு மங்கல். காசளவு. விளக்குப் புகை என்று நினைத்தான். கட்டைவிரலால் துடைத்தான். விரலில் ஈரம் படவில்லை.

மங்கல் சுருங்கியது. மறைந்தது.

மறுபடி வந்தது.

உள்பக்கம்.

"துஷா" என்றான். கத்த நினைத்தான். காற்றுத்தான் வந்தது. மங்கல் சட்டென்று பெரிதாயிற்று. வேகமாக வந்தது. போனது. வந்தது. படத்தில் உதடுகள் அசையவில்லை. கல்யாணப் புதிதின் அந்த அடக்கிய சிரிப்பு அப்படியே இருந்தது.

அவன் விரல்களில் உணர்ச்சி போயிற்று. பிறகு உள்ளங்கையில். பிறகு தோள்வரை. சட்டத்திலிருந்து கைகள் தாமாக நழுவின. தாமாக ஒன்று சேர்ந்தன. நெஞ்சுக்கு நேரே குவிந்தன. பக்கத்தில் நின்றவளும் கும்பிட்டாள். இலையைக் காட்டி, பிள்ளைக்குச் சொல்கிற அன்போடு, "சாப்பிடும்மா" என்றாள்.

கண்ணாடிக்குள் மூச்சு வந்தது.

போனது.

வந்தது, முன்னதைவிடக் கொஞ்சம் சின்னதாக.